ஜெர்மனியில் நான்கு நாள், ஒரே ஒரு ஒயின் பிரதேசம்: எதற்குப் போவது?

ஜெர்மனியில் சட்டப்படி வரையறுத்த ஒயின் பிரதேசங்கள் 13. எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் திராட்சைத் தோட்டம். பீர் நாடு என்றே பேர் வாங்கிவிட்ட தேசத்தில் இவ்வளவு தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பகுதி தென்மேற்கு மூலையில், ரைன் நதியையும் அதில் வந்து கலக்கும் நதிகளையும் ஒட்டியே இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கினால் இரண்டரை மணி நேர ரயில் தொலைவுக்குள் முக்கியமானவை எல்லாம் வந்துவிடும். சிக்கலே அங்குதான். எல்லாம் பக்கம்தானே என்று நாளுக்கு ஒன்றாகத் திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் ரயில் நிலையங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். ஒயின் ஊர்கள் மெதுவாக நகர்பவை. மத்தியானம் இரண்டு மணி வரை கதவு திறக்காத இடத்தில் ஒன்றரைக்கு ரயில் பிடிக்க நிற்பதில் பயனில்லை.

அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்வோம். கையில் நான்கு நாள். ஒரே பிரதேசம். கார் எடுக்கப் போவதில்லை: ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் அனுமதிக்கும் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.5 மட்டுமே, புதிதாக உரிமம் எடுத்தவருக்கு அதுவும் கிடையாது. கார் எடுத்தால் ஒருவர் நான்கு நாளும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கூட வருகிறவர்களில் ஒருவர் குடிக்க மாட்டார், ஒருவர் சைவம் என்று வைத்துக்கொள்வோம். நம் கூட்டம் என்றால் பெரும்பாலும் அப்படித்தானே.

இந்த நிபந்தனைகளை வைத்ததுமே சில பிரதேசங்கள் தாமாக விலகிவிடும். பரப்பில் முதலிடம் ரைன்ஹெஸ்ஸனுக்கு, சுமார் 27,000 ஹெக்டேர். நல்ல தயாரிப்பாளர்கள் நிறைய. ஆனால் அலை அலையான வயல்வெளியில் சிதறிய ஊர்கள். கார் இல்லாமல் சுற்றுவது பாடு. பாடன் தெற்கே தள்ளி இருக்கிறது. ஃப்ரைபுர்க் பக்கத்து எரிமலைக் குன்றான கைசர்ஷ்டூல் அருமையான இடம், ஆனால் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) போகிறவர்கள் வழியில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. கிழக்கே எல்பே கரையிலுள்ள சாக்ஸன், டிரெஸ்டன் பார்க்கப் போகிறவர்களுக்கு. மீதி நிற்பவை நான்கு: ரைங்காவ், ஃபால்ட்ஸ், வூர்ஸ்புர்க்கை நடுவாகக் கொண்ட ஃபிராங்கன், மோசெல். ஆர் என்று ஒரு குட்டிப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மிகவும் பக்கம் ரைங்காவ். தெற்கிலிருந்து வடக்கே வரும் ரைன் நதிக்கு முன்னால் டாவுனுஸ் மலை குறுக்கே நிற்கிறது. நதி வீஸ்பாடன் அருகே மேற்கே திரும்பி, ரூடஸ்ஹைம் வரை சுமார் 30 கிலோமீட்டர் அப்படியே ஓடுகிறது. இதனால் வடகரைச் சரிவு முழுவதும் தெற்குப் பார்த்து வெயில் வாங்குகிறது. வாடைக்காற்றை மலை தடுத்துவிடுகிறது. இந்த ஒரு திருப்பம்தான் ரைங்காவின் மூலதனம். 1136இல் சிஸ்டர்சியன் துறவிகள் இங்கே எபர்பாக் மடத்தை நிறுவினார்கள். அந்தக் கல் மண்டபங்களில் இன்றும் பழைய திராட்சை பிழியும் மரப்பொறிகள் வரிசையாக நிற்கின்றன. யோஹானிஸ்பெர்க் மாளிகைத் தோட்டத்தில் 1720 வாக்கில் ரீஸ்லிங் என்ற ஒரே ரகத்தை மட்டும் பெருவாரியாக நட்டார்கள். அந்தத் தோட்டம் அப்போது ஃபுல்டாவின் ஆதீனத் தலைவருக்குச் சொந்தம். அறுவடைக்கு அனுமதி அங்கிருந்துதான் வர வேண்டும். 1775இல் அனுமதிக் கடிதம் கொண்டுவந்த குதிரைக்காரர் வாரக்கணக்கில் தாமதமாக வந்தார் என்றும், அதற்குள் செடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்ட பழத்தைப் பிழிந்தபோது யாரும் எதிர்பாராத இனிப்பும் மணமும் கிடைத்தது என்றும் கதை. தாமதத்துக்கு என்ன காரணம் என்பதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. குதிரைக்காரருக்கு மாளிகை முற்றத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். தாமதமாக வந்ததற்குச் சிலை கிடைத்த அரசு ஊழியர் உலகத்தில் வேறு யாராவது இருப்பாரா தெரியவில்லை.

இவ்வளவு சொல்லியும் நான்கு நாளுக்கு ரைங்காவை நான் சொல்ல மாட்டேன். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரூடஸ்ஹைமுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அந்த வசதியே அதைக் கெடுத்துவிட்டது. ரைன் கப்பல்கள் அத்தனையும் கூட்டத்தை அங்கே கொண்டுவந்து கொட்டுகின்றன. டிரோசல்காசெ என்ற 144 மீட்டர் சந்தில் இசைக்குழு, நினைவுப்பொருள் கடை, சாப்பாட்டுக் கடை என்று ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும். விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்றால் போங்கள். போனால் ரூடஸ்ஹைமுக்கு முன்பே எல்ட்வில்லவில் இறங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடக்கிற தூரம்தான். கரையிலேயே ஒயின் ஊற்றிக் கொடுக்கும் சாவடி இருக்கும், அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் முறை வைத்து நடத்துவது. ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு மதில்சுவரில் உட்கார்ந்தால் சாயங்காலம் போவது தெரியாது.

ஃபால்ட்ஸ் வேறு சுபாவம். மேற்கே காட்டு மலை மழையைத் தடுக்க, அதன் அடிவாரத்தில் கிழக்குப் பார்த்து விரியும் சுமார் 23,500 ஹெக்டேர் தோட்டம். ஜெர்மனியிலேயே கதகதப்பான இடங்களில் ஒன்று. அத்தியும் பாதாமும் விளைகின்றன. மார்ச்சில் கிம்மல்டிங்கன் பக்கம் பாதாம் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். ஊர் அதற்கே ஒரு விழா எடுக்கிறது, பூ எப்போது மலர்கிறதோ அதைப் பார்த்துத் தேதி வைத்து.

இந்தப் பிரதேசத்தை வடக்கிலிருந்து தெற்காக இணைக்கும் 85 கிலோமீட்டர் 'ஒயின் சாலை' சுற்றுலா விளம்பரங்களில் அழகாக இருக்கும். அது பிறந்த கதை அவ்வளவு அழகல்ல. 1935இல் நாஜி ஆட்சியில் திறக்கப்பட்டது. இங்கே ஒயின் வணிகத்தில் பெரும்பங்கு வகித்த யூத வணிகர்களைத் தொழிலிலிருந்து விரட்டிய காலம் அது. வாங்கி விற்க ஆளில்லாமல் தேங்கிய சரக்குக்கு வழி தேடியவர்கள், வாடிக்கையாளரையே ஊருக்கு வரவழைக்கச் சாலை போட்டார்கள். பிரெஞ்சு எல்லையில் நிற்கும் பிரமாண்டமான கல் வாயிலுக்கு முன் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. அதே மலைவரிசையில் நோய்ஷ்டாட் ஊருக்கு மேலே ஹம்பாக் கோட்டை இருக்கிறது. 1832 மே மாதம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேச்சுரிமையும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டுக் கறுப்பு-சிவப்பு-பொன் கொடியோடு ஏறிய மலை. அந்தக் கூட்டத்தில் ஒயின் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். வரிச்சுமைக்கு எதிரான முழக்கம் எழுதிய கொடி ஏந்தி வந்தார்கள்.

சரி, குடிக்கிற விஷயத்துக்கு வருவோம். ஃபால்ட்ஸில் ஒயின் கிளாஸ் என்றால் காம்பு வைத்த மெல்லிய கிண்ணம் அல்ல. டுப்பகிளாஸ் என்று ஒன்று தருவார்கள்: அரை லிட்டர் பிடிக்கும், வாய் அகன்று அடி குறுகிய கனமான கண்ணாடி டம்ளர். வெளிப்பக்கம் முழுக்கக் கட்டைவிரல் பதியும் அளவுக்கு வட்ட வட்டக் குழிகள். இறைச்சிக்கடைக்காரர்களின் எண்ணெய்க் கையில் வழுக்காமல் இருக்கச் செய்தது என்பார்கள். அதில் ஷோர்ல ஊற்றுவார்கள், அதாவது ஒயினும் சோடாவும். மற்ற ஊர்களில் பாதிக்குப் பாதி. இங்கே விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஒயின், மேலே பேருக்குச் சோடா. ஒரே டம்ளர் மேசையைச் சுற்றி வரும். அறிமுகமே இல்லாத பக்கத்து பெஞ்சுக்காரர் உங்கள் பக்கம் நகர்த்தினால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். எச்சில் பார்க்கிறவர்கள் முன்கூட்டியே தனி டம்ளர் சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் செப்டம்பரில் பாட் டூர்க்ஹைம் ஊரின் வூர்ஸ்ட்மார்க்ட். 1417இலிருந்து நடப்பதாகக் கணக்கு. இரண்டு வார இறுதிகளில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெயர் என்னவோ தொத்திறைச்சிச் சந்தை, ஆனால் உலகத்தின் மிகப் பெரிய ஒயின் திருவிழா அதுதான் என்று ஊர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். அங்கேயே 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் மரப்பீப்பாய் ஒன்று 1934இலிருந்து நிற்கிறது. உள்ளே ஒயின் இல்லை, சாப்பாட்டுக்கடை இருக்கிறது.

சைவக்காரருக்கு நான்கு பிரதேசங்களிலும் எளிது ஃபால்ட்ஸ் என்றே சொல்வேன். பன்றி வயிற்றில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த ஸாவ்மாகன் இந்த ஊரின் பெருமை என்பது உண்மைதான். ஆனால் வெண்பாலாடைக் கட்டியோடு வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லா இடத்திலும் கிடைக்கும். டம்ப்நூடல் இருக்கிறது: ஆவியில் வெந்து, அடிப்பக்கம் மட்டும் உப்புப் பொருக்காகப் பிடித்த பன். அதை உருளைக்கிழங்கு சூப்போடும் தருவார்கள், இனிப்பு சாஸோடும் தருவார்கள். அந்த சாஸ் ஒயினில் செய்ததா வெனிலாவா என்று குடிக்காதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சூப்பில் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். மலைக்காட்டுக்குள் நடைக்குழுக்களின் தொண்டர்கள் நடத்தும் குடில்கள் நிறைய. வார இறுதியில் பெரும்பாலானவை திறந்திருக்கும். தோட்டத்திலிருந்து கிளம்பிக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தால் சாப்பாடும் ஷோர்லவும் கிடைக்கும்.

போக்குவரத்தும் சுகம். நோய்ஷ்டாட்டில் தங்கினால் வடக்கே டைடஸ்ஹைம், பாட் டூர்க்ஹைம், தெற்கே லாண்டாவ் என்று ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியே எல்லை தாண்டிப் பிரான்சின் விஸம்பூர் வரை போகலாம். அப்புறம் என்ன குறை? ஒயின்தான். மோசம் என்று அர்த்தமில்லை, பல நன்றாகவே இருக்கும். ஆனால் ரீஸ்லிங், வெள்ளை புர்குண்டர், ஸ்பேட்புர்குண்டர், டோர்ன்ஃபெல்டர் என்று எல்லாத் திராட்சை ரகமும் விளைகிறது. எதைக் குடித்தாலும் 'இது ஃபால்ட்ஸ்' என்று நாக்கு உடனே சொல்லாது. கண்ணுக்கும் அப்படியே. தோட்டங்கள் பரந்தவை, இதமானவை, ஆனால் மூச்சை நிறுத்துபவை அல்ல. மனிதர்களுக்காகப் போகிற இடம் ஃபால்ட்ஸ்.

வூர்ஸ்புர்க்கை இந்தப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் குடிக்காதவர். மற்ற மூன்றிலும் ஒயினைக் கழித்துவிட்டால் ஒன்றரை நாள் தாங்கும். இங்கே நாலு நாளும் தாங்கும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம். இந்த ஊரை ஆண்ட பிஷப்பின் அரண்மனை 1981இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதன் படிக்கட்டு மண்டபக் கூரை முழுவதும் இத்தாலிய ஓவியர் டியெபோலோ 1752–53இல் தீட்டிய ஓவியம். நான்கு கண்டங்களைத் தீட்டியிருக்கிறார், ஆசியாவுக்கு யானை. 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் நகரமே எரிந்தபோதும் அந்தக் கூரை தப்பிவிட்டது. ரோண்ட்கன் 1895இல் எக்ஸ்-ரே கண்டுபிடித்த ஆய்வகமும் இந்த ஊரில்தான், பார்க்கலாம்.

ஒயின் பக்கம் இந்த ஊரின் விசேஷம், மருத்துவமனைகள் ஒயின் தயாரிப்பது. யூலியஸ்ஷ்பிட்டால் 1576இல் தொடங்கிய அறநிறுவனம். பிஷப் மருத்துவமனை கட்டி, அதை நடத்தத் தோட்டங்களை எழுதிவைத்தார். நம் கோயில்களுக்குத் தேவதான நிலம் விட்ட மாதிரி. இன்றைக்கும் தோட்ட வருமானம் மருத்துவப் பணிக்குப் போகிறது. அதைவிடப் பழைய பியூர்கர்ஷ்பிட்டால் முதியோர் இல்லமாக நடக்கிறது. இரண்டிலும் கீழே நிலவறை, மேலே சாப்பாட்டுக்கடை. தட்டையான வயிறு வைத்த பொக்ஸ்பாய்ட்டல் புட்டிகளில் அடைப்பார்கள். மேசையில் உருளாது, பெட்டியில் அடுக்கவும் சுலபம்.

அந்தப் புட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சில்வானர். ஜெர்மனியில் அந்த ரகத்தை 1659இல் முதலில் நட்டது இதே ஃபிராங்கன் பகுதியின் காஸ்டல் ஊரில். புளிப்பு குறைவு, இனிப்பு அநேகமாக இல்லை, சுண்ணாம்புப் பாறையின் வறட்சி கொஞ்சம். முதல் மடக்கில் 'என்ன, ஒன்றுமே இல்லையே' என்று தோன்றும். சாப்பாட்டோடு குடித்தால்தான் அதன் அருமை தெரியும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் பருவம். வேகவைத்த அஸ்பாரகஸ், உருக்கிய வெண்ணெய், உருளைக்கிழங்கு, பக்கத்தில் சில்வானர். சைவக்காரர் வேறு எதையும் தேட வேண்டாம். சாயங்காலம் பழைய மைன் பாலத்துக்குப் போங்கள். பாலத்து முனையில் கிளாஸுக்கு முன்பணம் கட்டி ஒயின் வாங்கிக்கொண்டு, புனிதர் சிலைகளுக்கு நடுவில் சாய்ந்து நிற்கிறது ஊரே. நகரத்துக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடுவதுதான் இதன் பலம். பலவீனமும் அதுதான். தோட்டத்துக்குள் இருக்கிறோம் என்ற உணர்வு வர ரயிலேறி வெளியே போக வேண்டும்.

இனி மோசெல். கோப்லென்ஸுக்கும் டிரியருக்கும் நடுவில் இந்த ஆறு நேராக ஓடவே ஓடாது. வளைந்து, திரும்பி, வந்த திசைக்கே போய், மறுபடி வளையும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை செங்குத்தாக வெயிலைப் பார்க்கும், எதிர்க்கரை தட்டையாகக் கிடக்கும். செங்குத்துப் பக்கம் முழுக்கக் கொடி. பிரெம் ஊருக்கு மேலே நிற்கும் கால்மோன்ட் சரிவு சுமார் 65 பாகை, உலகத்தின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. கீழே நின்று அண்ணாந்து பார்க்கையில், அங்கே மனிதர் நிற்க முடியும் என்றே நம்ப முடியாது.

கிட்டே போய்ப் பார்த்தால் நிலம் என்று ஒன்று இல்லை, சிலேட் கல்தான். பழைய பள்ளிக்கூடச் சிலேட் செய்த அதே இனக் கல், உள்ளங்கை அளவுச் சில்லுகளாகச் சரிவு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கால் வைத்தால் சலசலவென்று நழுவும். பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் ரீஸ்லிங் பழுப்பது அதனால்தான். பழைய தோட்டங்களில் கம்பி வரிசை கிடையாது. கொடிக்கு ஒரு மரக்குச்சி. இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கீழே கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் சரிவில் ஏறி இறங்குகிறவர் பக்கவாட்டிலும் நகரலாம். மருந்து, உரம், பறித்த பழம் எல்லாம் பல் வைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் புல்வெட்டும் இயந்திரம் போல் இரைந்துகொண்டு ஏறி இறங்கும் சின்ன வண்டியில். வேலன், ஸெல்டிங்கன் ஊர்களில் தோட்டத்துக்கு நடுவே பாறையில் பெரிய சூரியக் கடிகாரம் தீட்டியிருக்கிறது. வேலனில் இருப்பது 1842இல் வைத்தது. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் சரிவில் வேலை செய்தவர்கள் மணி பார்க்க.

இந்த உழைப்புக்கு ஏற்ற காசு எப்போதும் கிடைத்ததில்லை. டிரியரில் 1818இல் பிறந்த கார்ல் மார்க்ஸ், பத்திரிகை ஆசிரியராக இருந்த காலத்தில் 1843 ஜனவரியில் மோசெல் தோட்டக்காரர்களின் வறுமையைப் பற்றி எழுதினார். பிரஷ்யாவின் சுங்க ஒன்றியம் வந்தபின் தெற்கத்தி ஒயின் உள்ளே வந்து விலை விழுந்திருந்தது; வரி மட்டும் குறையவில்லை. சில மாதங்களில் அந்தப் பத்திரிகை மூடப்பட்டது. பொருளாதாரத்தைப் படிக்க வேண்டும் என்று தன்னைத் தள்ளியவற்றில் மோசெல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பிரச்சினை இன்றும் வேறு உருவில் இருக்கிறது. 1990 வாக்கில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டம் இப்போது சுமார் 8,500. இளைஞர்கள் ஏற மறுக்கும் சரிவுகளைப் புதர் மூடிக்கொண்டிருப்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

ஒயினோ, வேறெங்கும் கிடைக்காதது. கபினெட் என்ற வகையில் ஆல்கஹால் 8 சதவீதம் சொச்சம்தான். நல்ல இனிப்பு இருக்கும். அந்த இனிப்பை அறுத்துக்கொண்டு எலுமிச்சைக் கூர்மையில் புளிப்பு வரும், பின்னால் ஈரக்கல் வாசனை. இனிப்பு ஒயின் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இதை ஒரு தடவை குடித்துப் பார்த்துவிட்டுச் சுளிக்கலாம். நம் காரசாரமான சாப்பாட்டுக்கு உலகத்தில் பொருந்துகிற ஒயின் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டும், இனிப்பு தணிக்கும். உச்சத்தில் விலை எங்கே போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: மோசெலின் கிளையான ஸார் பள்ளத்தாக்கின் எகோன் முல்லர் தோட்டத்து 2003ஆம் ஆண்டு ஒயின், 2015இல் டிரியர் ஏலத்தில் புட்டி 12,000 யூரோவுக்குப் போனது. பயப்பட வேண்டாம், நல்ல கபினெட் தயாரிப்பாளர் வீட்டிலேயே பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும்.

மோசெலின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கோப்லென்ஸ்–டிரியர் ரயில் கோகம், புல்லை வரை ஆற்றோடு வந்து, அப்புறம் ஆற்றை விட்டு விலகிவிடுகிறது. மிக அழகான நடுப்பகுதியின் பெயர்போன ஊர் பெர்ன்காஸ்டல்-கூஸுக்கு ரயிலே இல்லை. விட்லிஹ் நிலையத்திலிருந்து பேருந்து. குளிர்காலத்தில் பாதி ஊர் தூங்கும். சாப்பாட்டில் சைவத்துக்குத் தெரிவு குறைவு; மெல்லிய ரொட்டியான ஃப்ளாம்கூஹனைப் பன்றி இறைச்சி இல்லாமல் சொல்லி வாங்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு மேலே உள்ள பாதைகள் ஆகாது. ஆனால் ஆற்றோரமாகவே ஒரு சைக்கிள் பாதை போகிறது, ஏற்றமே இல்லாமல். மின்சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் வீட்டுப் பெரியவர்களும் வரலாம்.

குடிக்காதவருக்கும் நான் முதலில் நினைத்ததைவிட விஷயம் இருக்கிறது. மோசெல்கெர்ன் நிலையத்தில் இறங்கி ஓடையோரமாக நடந்தால் காட்டுக்கு நடுவில் எல்ட்ஸ் கோட்டை. ஒரு தடவைகூட இடிபடாதது, கட்டிய குடும்பத்திடமே இன்றும் இருக்கிறது. டிரியரில் ரோமானியர் காலத்துக் கருப்பு வாயில் நிற்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒயின் பீப்பாய் ஏற்றிய கல் கப்பல்: நோய்மாகன் ஊரில் கிடைத்தது, கி.பி. 220 வாக்கில் ஒரு வணிகரின் கல்லறைக்காகச் செதுக்கியது. கப்பலோட்டிகளில் ஒருவர் மட்டும் இளித்துக்கொண்டிருப்பார். கூஸில் பிறந்த தத்துவ அறிஞர் நிக்கோலாஸ் குசானுஸ் 15ஆம் நூற்றாண்டில் முதியோருக்குக் கட்டிய இல்லம் தோட்ட வருமானத்தில் இன்றும் நடக்கிறது; அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் அங்கேயே இருக்கின்றன. தோட்டத்துச் சிவப்பு பீச் பழத்தில் செய்யும் ஜாம், புளிக்காத திராட்சைச் சாறு, இரண்டும் பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கும்.

இடையில் ஆர். கோப்லென்ஸுக்கும் பான் (Bonn) நகருக்கும் நடுவில் ரைனில் கலக்கும் சின்ன ஆறு, சுமார் 560 ஹெக்டேர், சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. 2021 ஜூலை 14 இரவு வந்த வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கில் 130க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. நிலவறைகளில் சேற்றில் புதைந்த புட்டிகளைக் கழுவாமல் அப்படியே நிவாரண நிதிக்கு விற்றார்கள். 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. தோட்டங்கள் சரிவில் இருந்ததால் பெரும்பாலும் தப்பின. சரிவுகளின் நடுவே போகும் 35 கிலோமீட்டர் சிவப்பு ஒயின் நடைபாதை அருமையானது. அதே மலைக்குள் பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மன் அரசு அணுப்போருக்குப் பயந்து குடைந்த 17 கிலோமீட்டர் சுரங்கம். ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். சிவப்பு ஒயின் மட்டுமே பிடிக்கும் என்பவர்கள் மற்ற நான்கையும் விட்டுவிட்டு இங்கே இரண்டு நாள் போகலாம்.

எந்தப் பிரதேசமானாலும் லேபிளைப் பார்த்து மலைக்க வேண்டாம். கபினெட், ஸ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என்று ஏறும் வரிசை, பழம் பறிக்கும்போது அதிலிருந்த சர்க்கரையின் அளவு. புட்டிக்குள் இனிப்பு இருக்கிறதா என்பதை அது மட்டும் சொல்லாது. 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பு இல்லை, 'ஃபைன்ஹெர்ப்' என்றால் கொஞ்சம். எதுவுமே புரியாவிட்டால் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். 8, 9 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 12க்கு மேல் என்றால் அநேகமாக எல்லாம் புளித்துத் தீர்ந்துவிட்டது. கண்டிப்பான சைவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: ஒயினைத் தெளியவைக்கச் சிலர் மீன் அல்லது விலங்குப் பசை சேர்ப்பதுண்டு. சேர்க்காதவர்கள் வீகன் என்று போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, வாசலில் பூங்கொத்தோ செடிக்கொப்போ கட்டித் தொங்கும் வீடு கண்ணில் பட்டால் நுழைந்துவிடுங்கள். தயாரிப்பாளர் தன் முற்றத்திலோ கொட்டகையிலோ வருடத்தில் நான்கு மாதம் வரை, நாற்பது இருக்கைக்குள், தன் சொந்த ஒயினை மட்டும் ஊற்றி நடத்தும் கடை அது. சாப்பாடு எளிமை, விலை குறைவு, பரிமாறுவது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்.

ஆக, எட்டுப் பத்துப் பேர் கூட்டமாக, சிரிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபால்ட்ஸ். அம்மா அப்பா கூட வருகிறார்கள், ஒயின் ஒரு சாக்குத்தான் என்றால் வூர்ஸ்புர்க். இடைத்தங்கல் ஒரு நாள் என்றால் ரைங்காவ், எல்ட்வில்ல. ஒயின் என்பது எதனால் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறவர்களுக்கு மோசெல்தான், வசதிக் குறைவுகளோடு சேர்த்து. மேலே சொன்ன நம் கற்பனைக் கூட்டத்துக்கு, அந்தச் சைவக்காரரையும் குடிக்காதவரையும் கணக்கில் வைத்த பிறகும், என் ஓட்டு மோசெலுக்கே. ஃபால்ட்ஸின் சந்தோஷத்தை வேறு ஊர்த் திருவிழாக்களிலும் ஓரளவு பிடித்துவிடலாம். அந்தச் சிலேட்டையும் அந்த எட்டு சதவீத ரீஸ்லிங்கையும் வேறெங்கும் பிடிக்க முடியாது.

போவதானால் கோகமில் தங்காதீர்கள். அது மோசெலின் ரூடஸ்ஹைம். டிராபன்-டிரார்பாக்கில் தங்குங்கள். புல்லையிலிருந்து கிளை ரயில் அங்கே வருகிறது. 1900 வாக்கில் ஒயின் வணிகத்தில் செழித்த ஊர். அந்தக் காலத்து அலங்கார மாளிகைகளும், தெருவுக்கு அடியில் நீளும் நிலவறைகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் சைக்கிளில் வேலன் கடிகாரம், பெர்ன்காஸ்டல், கூஸ் இல்லம். ஒரு நாள் கால்மோன்ட். ஒரு நாள் டிரியர். எல்ட்ஸ் கோட்டையை வரும்போதோ திரும்பும்போதோ வழியில். ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநில நாள் டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை மாநிலத்துக்குள் வட்டார ரயில்களில் போகலாம். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது.

மே, ஜூன் நல்லது, செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னும் நல்லது. அறுவடை நேரத்தில் தயாரிப்பாளர்கள் தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். ருசி பார்க்க முன்னதாகவே சொல்லிவைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வாரங்களில்தான் ஃபெடர்வைசர் வரும், பாதி புளித்துக் கலங்கலாக, நுரைத்துக்கொண்டிருக்கும் இளம் ஒயின். அங்கேயே குடித்துவிடுங்கள். புட்டிக்குள் அது இன்னும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு வெளியேற மூடியை இறுக்காமல்தான் விற்பார்கள். விமானப் பெட்டியில் படுக்கவைத்தால் ஊர் வந்து சேர்வது நனைந்த துணிதான்.